மலை சும்மா இருந்த நாட்கள்

ஊரில் அவருக்குப் பெயர் பூகம்பம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. முடிதிருத்தும் கடைக்குள் அவர் தலையை நீட்டும்போதே கத்தரிக்கோல் நின்றுவிடும்.

"வாங்க பூகம்பம். இன்னைக்கு எந்தப் பக்கம் ஆடிச்சு?"

"ஆடாத நாளே கிடையாதுய்யா. உங்களுக்குத்தான் உறைக்கறதில்ல."

கடை சிரிக்கும். அவரும் சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்து, செய்தித்தாளை மடியில் விரித்து, உள்பக்க மூலையில் கிடக்கும் நாலு வரிச் செய்தியைத் தேடுவார். எங்கோ ஒரு தீவு, எங்கோ ஒரு கடலடி, ரிக்டர் அளவில் இத்தனை. கடைக்காரரின் சம்மதத்தோடு அந்த நாலு வரியை மட்டும் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கல்யாணப் பேச்சு எடுத்த ஒரு வீட்டில் பூமிக்குள் கொதிக்கும் பாறைக்குழம்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்த மனிதர் அவர். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வேலை, நகராட்சியின் வெந்நீர்க் குளியல் கூடத்தில். ஊருக்கு மேற்கே நிற்கும் மலை ஓர் எரிமலை. வருஷத்தில் நாலைந்து தடவை புகையைக் கக்கும், எப்போதாவது சாம்பலைத் தூவும், பிறகு ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நிற்கும். அதன் அடிவயிற்றுச் சூட்டில் காய்ந்து வரும் ஊற்றுநீரைத்தான் கூடத்துத் தொட்டிகளில் ஆறவிட்டு ஊர் குளிக்கிறது. அவர் காலை ஐந்தரைக்குக் கதவைத் திறப்பார். வழுக்கும் ஓடுகளைத் தேய்த்துவிட்டு ஊற்றுக் குழிக்குப் போவார். பித்தளைக் கூட்டில் பொருத்திய வெப்பமானியைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்கி, இருநூறு வரை எண்ணி, மேலே தூக்கி, காற்றுப் பட்டு இறங்குவதற்குள் அளவைப் படித்துவிட வேண்டும். படித்ததைப் பதிவேட்டில் எழுதுவார். தேதி, நேரம், வெப்பம், கலங்கல் என்று நாலு பத்தி. இருபத்திரண்டு வருஷமாக, ஒரு காய்ச்சல் நாள்கூட விடாமல் எழுதிய பதிவேடு. அதை அவர் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. அது வேலை. உயிர் இருந்தது வேறொரு நோட்டில்.

அந்த நோட்டு பிறந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. ஒரு நடுப்பகலில் மலை சாம்பலைக் கொட்டியது. துணி, தட்டு, கண்ணிமை எல்லாம் சாம்பல். மறுநாளே ஊர்ப் பெரிய மனிதர்கள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். கிழக்குக் கோடியில், கல்குவாரிக்குக் கீழே, வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்களின் நடத்தை சரியில்லையாம். அதனால்தான் மலைக்குக் கோபமாம். பாவத்துக்கு முகவரி எழுதும்போது இவர்கள் கை எப்போதும் கூலிக்காரன் வீட்டுப் பக்கம்தான் நீளும். மாடி வீட்டுப் பாவத்தை எந்த மலையும் கண்டுகொண்டதாக வரலாறு இல்லை. மலையைத் தண்டிக்க முடியாதவர்கள் குழாயைத் தண்டித்தார்கள். வரிசை வீடுகளின் பொதுக்குழாய் ஒரு வாரம் பூட்டிக் கிடந்தது. அவரும் எட்டு வயதுத் தங்கையும் தினமும் இரண்டு மைல் நடந்து தண்ணீர் சுமந்தார்கள்.

அந்த வாரத்தில்தான், ரொட்டி சுற்றி வந்த ஒரு பழைய தாளில் அவர் அந்தச் செய்தியைப் பார்த்தார். சாம்பல் விழுவதற்கு நாலு நாள் முன்னால், கடல் தாண்டிய ஒரு நாட்டில் பெரிய நிலநடுக்கம். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து முதல் பக்கத்தில் எழுதினார்: 'எங்கள் பாவம் இல்லை. பூமி.'

ஆக, நோட்டு நியாயத்துக்குப் பிறந்த பிள்ளைதான். அதை யாரும் மறுக்க முடியாது. அதன் பிறகு மலை எப்போது புகைந்தாலும், ஊற்றின் வெப்பம் எப்போது ஏறி இறங்கினாலும், அவர் சேர்த்து வைத்த துண்டுச் செய்திகளைப் புரட்டுவார். முந்தைய பத்து நாளுக்குள் எங்கோ ஒரு நிலநடுக்கம் கிடைக்கும். எழுதிவிடுவார். நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்திலும் ஆதரவு கிடைத்தது. 'ஏற்கெனவே பொங்கும் நிலையில் இருக்கும் எரிமலையைத் தொலைதூரத்துப் பெரிய நிலநடுக்கம் தூண்டக்கூடும் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர்; ஆயினும் உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை' என்று அதில் இருந்தது. அரைப்புள்ளி வரைக்கும் பெரிய எழுத்தில் நகலெடுத்து அட்டையில் ஒட்டினார். அதற்கப்பால் நகலெடுக்கவில்லை. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால், இடம் போதவில்லை என்று சொல்லியிருப்பார்.

முப்பத்து மூன்று வருஷம் ஓடியது. நோட்டு நாலு நோட்டாகி ஒரே அட்டைக்குள் தைக்கப்பட்டது.

தங்கை அதே வரிசை வீடுகளில்தான் இருந்தாள். குவாரியில் ஜல்லி பிரிக்கும் வேலை. அவள் கணவர் வெளியூர்த் துறைமுகத்தில். மாதம் ஒரு தடவை வருவார். குவாரியில் செவ்வாயும் வெள்ளியும் நடுப்பகலில் வெடி வைப்பார்கள். சங்கு ஊதும், வரிசை வீட்டுப் பெண்கள் அடுக்கில் இருக்கும் பாத்திரங்களை இறக்கித் தரையில் வைப்பார்கள், வெடிக்கும், மறுபடி ஏற்றிவைப்பார்கள். வெடிக்குழி வருஷா வருஷம் வீடுகளை நோக்கி நகர்ந்து வந்ததை எல்லாரும் பார்த்தார்கள். யாரும் அளக்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலை, நாலு வீடுகளுக்குப் பொதுவான பின்சுவர் சரிந்தது. இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்த அடுத்த வீட்டு லாரி டிரைவர் பிறகு கண் திறக்கவே இல்லை. தங்கையின் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

இங்கேதான் அவர் ஒரு காரியம் செய்தார். பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் ஓடியாடிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் மலையைப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கனத்த புகை. திங்கட்கிழமைதான் ஒரு பெரிய நிலநடுக்கச் செய்தி வந்திருந்தது. கை தானாக நோட்டை எடுத்தது. 'திங்கள்: கடல் தாண்டிப் பெரிய நடுக்கம். புதன்: மலையில் புகை. வரிசை வீட்டுச் சுவர்.' தங்கை மேல் விழுந்த சுவரைச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார். எழுதியதோடு நிற்கவில்லை. மறுநாள் முடிதிருத்தும் கடையில் அதைச் சொல்லவும் சொன்னார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதி அவருக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் குவாரி மேலாளர் குளியல் கூடத்துக்கே வந்தார். ஈர ஓட்டில் வழுக்காமல் இருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு, பளபளக்கும் காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சார், உங்க நோட்டைப் பத்தி ஊரே பேசுது."

முப்பத்து மூன்று வருஷத்தில் அவரை சார் என்று கூப்பிட்ட முதல் ஆள். அவர் கையைத் துண்டில் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

மேலாளர் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சப்புக்கொட்டினார். "இது பெரிய உழைப்பு சார். அடுத்த மாசம் விசாரணை வருது. சுவர் விழுந்ததுக்கு இயற்கைதான் காரணம்னு நாங்க சொல்லப்போறோம். நீங்க வந்து இந்த நோட்டுல இருக்கறதை, உள்ளது உள்ளபடி படிச்சா போதும். பொய்யா ஒரு வார்த்தை வேண்டாம். அப்புறம் இதை நல்ல தாள்ல அச்சுப் போட்டுப் புத்தகமாக்கறோம். அட்டையில உங்க பேரு."

"என் பேரா?"

"பின்ன? பூகம்பம்னா போட முடியும்?"

பொய்யா ஒரு வார்த்தை வேண்டாம் என்றதுதான் அவரை மயக்கியது. அவர் பொய் சொல்லாதவர். அன்று முழுக்கத் தன் பெயரைத் தானே இரண்டு மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

தங்கை அப்போது அவர் வீட்டில் இருந்தாள். மாவுக்கட்டுக் காலை நாற்காலிமேல் நீட்டி, மடியில் தட்டு வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவர் விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் இறுகிவிட்டது.

"இயற்கைன்னு எழுதிட்டா எங்களுக்கு நஷ்ட ஈடு கிடையாது. அது உனக்குத் தெரியுமா அண்ணா?"

"தெரியும்."

"வெடிக்குழியும் அதே இடத்துலதான் இருக்கும். மிச்ச சுவரும் வரும். அதுவும் தெரியுமா?"

அவர் தரையைப் பார்த்தார். "வேணாம்னு நீ சொன்னா நான் போகல. நோட்டு தொலைஞ்சிடுச்சுன்னு சொல்லிடறேன்."

"எனக்காக நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம்." ஒரு பட்டாணி தெறித்து அவர் காலடியில் விழுந்தது. "நெஜமாவே கடலுக்கு அந்தப் பக்கம் ஆடினதுலதான் என் சுவரு விழுந்துச்சுன்னா, போய்ச் சொல்லு. நான் கால் போச்சேன்னு உக்காந்துக்கறேன். ஆனா நெஜமான்னு எனக்குத் தெரியணும். அந்த நோட்டை இங்க குடு."

அவள் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டி வாசித்தாள். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பத்துப் பக்கம் போனதும் நிமிர்ந்தாள்.

"எல்லாத்துலயும் ரெண்டும் இருக்கு. அங்க ஆடிச்சு, இங்க புகைஞ்சுச்சு. அங்க ஆடி, இங்க மலை சும்மா இருந்த நாளு எங்க?"

"எங்கன்னா?"

"எந்தப் பக்கத்துல எழுதியிருக்கே?"

"அதை எதுக்கு எழுதணும்? அன்னைக்கு ஒண்ணும் நடக்கலியே."

"ஆடாத நாளே கிடையாதுன்னு கடையில போய் ஜம்பமா சொல்லுவேல்ல? தினம் எங்கயாவது ஆடுதுன்னா, மலை என்னைக்குப் புகைஞ்சாலும் அதுக்கு முன்னாடி ஒண்ணு ஆடித்தானே இருக்கும்? நான் தினம் காலைல தும்மறேன். மலை புகையற அன்னைக்கும் தும்மித்தான் இருப்பேன். என் பேரையும் நோட்டுல எழுதிக்கோ."

அவர் சிரிக்க முயன்றார். வாய் ஒரு பக்கம்தான் போனது. எழுந்து வாசலுக்குப் போய், மலையைப் பார்த்தபடி நின்றார். கோபம் வந்தது. அவள் மேல் வந்த கோபம் பாதி வழியில் திரும்பி அவர் மேலேயே விழுந்தது. முப்பத்து மூன்று வருஷம்! ஜல்லி பிரிக்கிறவள் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்ட கேள்வியை அவர் தன்னை ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. ஊர்ப் பெரிய மனிதர்களும் இப்படித்தானே செய்தார்கள்? சாம்பல் விழுந்த அன்று பாவத்தைத் தேடினார்கள். பாவம் நடந்தும் சாம்பல் விழாத நாட்களை எண்ணினார்களா?

திரும்பி உள்ளே வந்தார். "பதிவேடு இருக்கு" என்றார்.

"எது?"

"கூடத்துப் பதிவேடு. இருபத்திரண்டு வருஷம். சும்மா இருந்த நாளெல்லாம் அதுலதான் இருக்கு."

வரிசையாக மூன்று ஞாயிறு மதியம். கூடத்துக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பதிவேடுகளைத் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். நூலகத்தில் உட்கார்ந்து, அதே இருபத்திரண்டு வருஷத்து ஆண்டுத் தொகுப்புகளில் இருந்த பெரிய நிலநடுக்கங்களை எல்லாம், அவருக்குப் பிடித்தது பிடிக்காதது பார்க்காமல், எழுதி வந்தார். எழுபத்து நாலு இருந்தன. முதலிலேயே விதியை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னாள் தங்கை: பத்து நாளுக்குள் ஊற்றின் வெப்பம் அரை டிகிரியாவது ஏறவோ இறங்கவோ வேண்டும். அரைக்கு ஒரு புள்ளி குறைந்தாலும் கணக்கில்லை. "நீ நடுவுல மாத்துவே" என்றாள்.

அவள் தேதியைப் படிப்பாள். அவர் பதிவேட்டைப் புரட்டுவார்.

"ஏழாம் மாசம், பதினெட்டு."

"அறுபத்திரண்டு புள்ளி நாலு, நாலு, மூணு, நாலு... ஒண்ணுமில்ல."

"மூஞ்சைத் தூக்கி வெச்சுக்காதே. அடுத்தது."

எழுபத்து நாலில் பதினொன்று தேறியது. அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா? பதினொண்ணு இருக்கு!"

"இரு, துள்ளாதே. சும்மா கண்ணை மூடி எழுபத்து நாலு நாளை எடுத்தா எத்தனை தேறும்?"

அதற்கு ஒரு வழி இருந்தது. பிஸ்கட் டப்பா மூன்று எடுத்தார்கள். ஒன்றில் வருஷச் சீட்டு, ஒன்றில் மாதச் சீட்டு, ஒன்றில் நாள் சீட்டு. அவள் கண்ணை மூடி மூன்றையும் எடுப்பாள். படித்துவிட்டுத் திரும்பப் போடுவாள். முப்பத்தோராம் தேதி பிப்ரவரி மட்டும் மூன்று தடவை வந்தது. "இதுக்குத் தனியா ஒரு மலை வேணும்" என்று அதை ஒதுக்கினாள். அப்படியே எழுபத்து நாலு நாள். அந்த நாட்களுக்கு முன்னால் எங்கே ஆடியது, ஆடவில்லை என்று யாருக்கும் தெரியாது. டப்பாவுக்கு எந்தச் சித்தாந்தமும் கிடையாது.

பன்னிரண்டு தேறியது.

அவர் வெப்ப அளவுகளை மறுபடி எண்ணினார். பன்னிரண்டுதான். உலகத்துப் பெரிய நடுக்கங்களைவிட பிஸ்கட் டப்பா ஒன்று கூடுதலாக மலையை அசைத்திருந்தது.

தங்கை கேலி செய்யவில்லை. தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். "அப்ப சம்பந்தமே இல்லேன்னு ஆயிடுச்சா?"

அவர் நிதானமாக யோசித்துத்தான் பதில் சொன்னார். "அப்படியும் சொல்ல முடியாது. எங்கயாவது, எப்பவாவது இருக்கலாம். படிச்சவங்களே இன்னும் அடிச்சுக்கறாங்க. ஆனா நம்ம மலையில, என் கையில இருக்கற கணக்குல, தெரியல. தெரியாததைத் தெரியும்னு முப்பத்து மூணு வருஷம் சொல்லியிருக்கேன்."

விசாரணை நகராட்சி மண்டபத்தில் நடந்தது. விசாரணை அதிகாரி ஒரு நடுவயதுப் பெண்மணி. கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்தார். மேலாளர் எழுந்து, உள்ளூரின் அனுபவ விஞ்ஞானி என்று பூகம்பத்தை அறிமுகம் செய்துவைத்தார். முடிதிருத்தும் கடை முழுசும் பின் பெஞ்சில் இருந்தது. லாரி டிரைவரின் மனைவி முன் பெஞ்சில் இருந்தார். தங்கை ஊன்றுகோலோடு ஓரமாக.

அவர் நோட்டை மேசைமேல் வைத்தார். பக்கத்தில் பதிவேடுகளை அடுக்கினார்.

"அம்மா, இந்த நோட்டுல மலை புகைஞ்ச நாளை மட்டும்தான் எழுதியிருக்கேன். சும்மா இருந்த நாளை எழுதல. அதனால இது எதுக்கும் சாட்சி ஆகாது. நானே சொல்றேன், இதை எடுத்துக்காதீங்க." பிறகு எழுபத்து நாலையும் பதினொன்றையும் பிஸ்கட் டப்பாவையும் சொன்னார்.

மேலாளர் எழுந்தார். 'சார்' போய்விட்டிருந்தது. "நேத்து வரைக்கும் வேற பேச்சு பேசின ஆளு. தங்கச்சிக்காக மாத்திப் பேசறாரு. இந்தப் பதிவேட்டை மட்டும் எதுக்கு நம்பணும்?"

"முழுசா நம்பாதீங்க" என்றார் அவர்.

மண்டபம் நிமிர்ந்தது. அதிகாரி கண்ணாடியை இறக்கினார்.

"கலங்கல்னு ஒரு பத்தி இருக்கு பாருங்க. எல்லா நாளும் 'தெளிவு'ன்னு இருக்கும். அது மாசம் பொறந்ததும் மொத்தமா எழுதறது. எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான் எழுதினாரு, நானும் எழுதினேன். அது பொய். வெப்பம் மட்டும் தினம் கயிறு இறக்கி, இருநூறு எண்ணி, பாத்து எழுதினது. நான் ஒழுங்கா எழுதியிருந்தா, வெடி வெச்ச நாள்ல தண்ணி கலங்கிச்சான்னு இன்னைக்குத் தெரிஞ்சிருக்கும். அது என் தப்பு."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்து அடக்கினார். அதிகாரி ஒரு பதிவேட்டை எடுத்துப் பத்துப் பன்னிரண்டு பக்கம் நிதானமாகப் பார்த்தார். வெப்பப் பத்தியில் பேனா மாறியிருந்தது, மை கசிந்திருந்தது, அடித்துத் திருத்தியிருந்தது. கலங்கல் பத்தியில் ஒரே மூச்சில் எழுதிய முப்பது 'தெளிவு'.

"இவர் தினமும் பதிவு எழுதியிருக்கிறார்" என்றார் மேலாளரிடம். "உங்க வெடிப் பதிவு எங்கே? எந்தக் குழி, வீட்டிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு மருந்து?"

மேலாளர் கோப்பைப் புரட்டினார். அந்தப் புரட்டலை மண்டபம் முழுக்கக் கேட்டது. அது தலைமை அலுவலகத்தில் இருக்கிறது என்றார்.

"வரட்டும். அது வந்து, குழியை அளந்து முடிக்கிற வரைக்கும் வெடி கிடையாது. இயற்கைதான் காரணம்னு நீங்க எழுதின வரியை நான் ஏத்துக்கல."

அவ்வளவுதான். சுவரை எது தள்ளியது என்று அன்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த செவ்வாய் நடுப்பகலில் சங்கு ஊதவில்லை. வரிசை வீட்டுப் பெண்கள் பழக்கத்தில் பாத்திரங்களைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு, எதற்கு இறக்கினோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். கூலிக்காரன் சுவர் இடிந்தால் வானத்தையும் பூமியையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள், கையில் ஒரு அளவு நாடாவை எடுக்க ஏன் இத்தனை பயப்படுகிறார்கள்? அந்தக் கேள்வி இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.

அவருக்கு நகராட்சியிலிருந்து ஒரு மெமோ வந்தது. கலங்கல் பத்தியில் பொய்ப் பதிவு செய்ததற்கு விளக்கம் கேட்டு. அந்த வருஷச் சம்பள உயர்வும் நின்றது. விளக்கத்தில் ஒரே வரி எழுதினார்: 'தவறுதான், இனி பார்த்து எழுதுவேன்.' நாலு நோட்டுத் தையலைக் கிழிக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. அட்டையில் ஒட்டியிருந்த நகலின் கீழே, அரைப்புள்ளிக்குப் பிறகு விட்டுப்போனதை எழுதிச் சேர்த்தார். இடம் தாராளமாக இருந்தது.

முடிதிருத்தும் கடையில் இப்போதும் பூகம்பம்தான்.

"என்னய்யா, மலைக்கும் உமக்கும் இருந்த சம்பந்தம் முறிஞ்சு போச்சாமே?"

"முறியல. விசாரிச்சுக்கிட்டிருக்கேன்."

கட்டுப் பிரித்த பிறகு, காலுக்கு வெந்நீர் நல்லது என்று வைத்தியர் சொன்னதால், தங்கை ஊன்றுகோலோடு தினமும் கூடத்துக்கு வருகிறாள். ஒரு நாள் காலை அவர் ஊற்றுக் குழியிலிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் செய்தியில் ஒரு பெரிய நடுக்கம் வந்திருந்தது, அவளும் கேட்டிருந்தாள்.

"இன்னைக்கு எவ்வளவு?"

"அறுபத்திரண்டு புள்ளி நாலு."

"அப்படின்னா?"

"அப்படின்னா அறுபத்திரண்டு புள்ளி நாலு."

அவர் ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்று நீரை மொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகுதான் நாலாவது பத்தியில் பேனாவை வைத்தார்.